வெளிறிய, களையிழந்த முகம்: சீன மருத்துவம் அதை எப்படிப் படிக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"என்ன, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? ஒடம்புல ரத்தமே இல்லியா?" என்று யாராவது கேட்ட பிறகுதான் பலரும் கண்ணாடியை உற்றுப் பார்க்கிறார்கள். சீன மருத்துவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வெளுத்த முகம் என்று ஒரே சொல்லில் நாம் அடக்குவதை அவர்கள் நான்கைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து தருகிறார்கள். பிரிக்காமல் மருந்து எடுத்தால் என்ன கெடும் என்பதும் கீழே இருக்கிறது.

‘வெளிறிய முகம்’ என்று சீன வைத்தியர் எதைச் சொல்கிறார்?

நிறத்தை மட்டும் அல்ல. நிறம் வேறு, களை வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் அவர்களுடைய முகம் பார்க்கும் முறையே தொடங்குகிறது. கறுப்போ சிவப்போ, முகத்தில் களை இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா, அதே பேச்சுதான். இந்தக் களையை அவர்கள் ‘ஷென்’ என்பார்கள். அது இருக்கிறதா, இல்லையா என்று முதலில் பார்ப்பார்கள். நிறம் எது என்பது அடுத்த கேள்வி.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஹுவாங் தி நெய் ஜிங்’ என்ற மூலநூல் இதைப் பொருள்களைக் காட்டி விளக்குகிறது. வெள்ளை என்றால் அன்னப்பறவை இனத்து வாத்தின் இறகு போல இருக்கலாம், உப்பு போல இருக்கக் கூடாது. மஞ்சள் என்றால் மெல்லிய பட்டில் பொதிந்த மனோசிலைக் கல் போல இருக்கலாம், காய்ந்த மண் போல இருக்கக் கூடாது. கறுப்பு என்றால் பல பூச்சு பூசிய அரக்கு போல மின்னலாம், சாம்பல் படிந்த தரை போல இருக்கக் கூடாது. இறகும் வெள்ளை, உப்பும் வெள்ளை. இறகில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பசை உண்டு, ஒளி உள்ளிருந்து வருவது போல் தெரியும். உப்பு வறண்டு, வெறும் வெளுப்பாக நிற்கும். வைத்தியரைக் கவலைப்பட வைப்பது உப்பு வெளுப்புதான்.

முகத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு சொல்கிறார்கள்?

இதயத்தின் பொலிவு முகத்தில் தெரியும் என்பது அந்த மூலநூலின் கூற்று. இதயம் ரத்தத்தை ஓட்டுகிறது. முகத்தில் நுண்ணிய குழாய்கள் அதிகம். ஆகவே ரத்தம் குறைந்தால் முதலில் முகம் காட்டிக்கொடுக்கும். ஆனால் ரத்தம் உண்டாகும் இடம் இதயம் இல்லை. சாப்பிட்டதைச் செரித்து அதன் சாரத்தை எடுக்கும் ‘பி’ என்ற உறுப்புத் தொகுதிதான் ரத்தத்துக்கும் ‘சி’ என்ற உயிராற்றலுக்கும் பிறப்பிடம். கல்லீரல் அந்த ரத்தத்தைச் சேமித்து வைக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ‘பி’ என்பதை மண்ணீரல் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் அறுவை மருத்துவர் வெட்டி எடுக்கும் மண்ணீரல் வேறு, இது வேறு. பசி, செரிமானம், சத்து சேர்தல், தசை வலு, ரத்தம் குழாயை விட்டு வெளியேறாமல் நிற்பது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயரில் அழைக்கிறார்கள். "உங்களுக்கு மண்ணீரல் பலவீனம்" என்று சீன வைத்தியர் சொன்னால் ஸ்கேன் எடுக்க ஓடத் தேவையில்லை. செரிமானம் மந்தம் என்கிறார், அவ்வளவுதான்.

வயதைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. பெண்ணின் வாழ்க்கையை ஏழேழு ஆண்டாகக் கணக்கிடும் மூலநூல், 35 வயதில் வயிறு, பெருங்குடல் நாளங்களின் (ரத்தக் குழாய் அல்ல, ‘சி’ ஓடும் பாதைகள்) வேகம் குறைந்து முகம் வாடத் தொடங்கும் என்கிறது. அந்த இரண்டு நாளங்களும் முகத்தின் முன்பக்கத்தில் ஓடுபவை. முகம் வாடியது என்றதும் சீன வைத்தியர் கிரீமைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பது இதனால்தான்.

வெளிறலில் எத்தனை வகை? எப்படிப் பிரிப்பது?

நடைமுறையில் அதிகம் பார்ப்பது ஐந்து.

முதலாவது, மங்கிய வெளுப்பு. முகம் ஒல்லி, தோல் வறட்சி, உதடும் நகமும் வெளுப்பு. எழுந்து நின்றால் தலைச்சுற்றல், கண் மங்கல், படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை, படபடப்பு. பெண்களுக்கு மாதவிலக்கு குறைந்து, நீர்த்து, நாள் தள்ளி வரும். இது ரத்தக் குறைவு. பிரசவத்துக்குப் பின்னும், பல மாதம் அதிக உதிரப்போக்கு இருந்த பின்னும், கண் விழித்து உழைப்பவர்களிடமும் வரும்.

இரண்டாவது, வெளுத்து ஊதிய முகம். வெளுப்பில் ஒரு பளபளப்பு இருக்கும். அது களை இல்லை, நீர் கோத்த பளபளப்பு. கை கால் சில்லிட்டிருக்கும், போர்வை வேண்டும், அடிக்கடி வெள்ளையாகச் சிறுநீர் போகும், விடியற்காலை பேதி, கணுக்காலில் வீக்கம். இது ‘யாங்’ என்ற வெப்ப ஆற்றலின் குறைவு. முதல் வகையும் இதுவும் பார்வைக்கு அக்கா தங்கை போல இருந்தாலும் மருந்து முற்றிலும் வேறு. அங்கே ஊட்ட வேண்டும், இங்கே சூடேற்ற வேண்டும்.

மூன்றாவது, வாடிய மஞ்சள். வெளுப்பும் மஞ்சளும் கலந்து, பழுத்து உதிரப்போகும் இலை போல. கண்ணின் வெள்ளை விழி மட்டும் வெள்ளையாகவே இருக்கும். அங்கேயும் மஞ்சள் இருந்தால் அது காமாலை, கதையே வேறு. சாப்பிட்டதும் வயிறு உப்புசம், மதியத்துக்கு மேல் அசதி, பேச்சில் சுரத்து இல்லை, மலம் இளக்கம். செரிமான ஆற்றல் குறைந்து, அதனால் ரத்தமும் குறையத் தொடங்கிய நிலை. வேலைக்குப் போகும் அவசரத்தில் காலை உணவை விட்டு, டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிறவர்களிடம் அதிகம்.

நான்காவது, வெளுப்புக்குக் கீழே ஒரு கருமை. கண்ணைச் சுற்றிக் கருவளையம், உதட்டில் ஊதா, கன்னத்தில் மங்கு. மாதவிலக்கில் கட்டி கட்டியாக ரத்தம், ஓரிடத்தில் குத்தும் வலி. இங்கே ரத்தம் குறைவு என்பதைவிட ஓட்டம் தடைபட்டது என்று படிக்கிறார்கள். மனத்தில் அடக்கிய கோபமும் கவலையும் கல்லீரலின் ‘சி’யைத் தேக்கி, பிறகு ரத்தத்தையும் தேக்கும் என்பது அவர்கள் தரும் காரணம்.

ஐந்தாவது திடீர் வெளிறல். சில நிமிடங்களில் முகம் காகிதம் போலாகி, குளிர்ந்த வியர்வை கொட்டி, கை கால் ஜில்லிடும். சீன மருத்துவத்தில் இது ‘யாங்’ அறுந்து விழுவது. இன்றைய மருத்துவத்தில் உள் ரத்தக்கசிவு, மாரடைப்பு, கடும் ஒவ்வாமை என எதுவாகவும் இருக்கலாம். கசாயத்துக்கு இங்கே இடமில்லை. உடனே ஆம்புலன்ஸ்.

ஒருவரிடமே இரண்டு வகை சேர்ந்திருப்பது சகஜம். ஒன்றும் மூன்றும் சேர்ந்து வருவதுதான் மிக அதிகம்.

மாநிறமும் கறுப்பும் உள்ள நமக்கு இது பொருந்துமா?

பொருந்தும், பார்க்கும் இடத்தை மாற்றினால். மூலநூல்கள் சீனர்களின் தோலை வைத்து, மஞ்சளுக்குள் மெல்லச் சிவப்பு ஓடுவதை இயல்பு என்கின்றன. ஆனால் அதே மரபில் ‘வீட்டு நிறம்’, ‘விருந்தாளி நிறம்’ என்ற பிரிவும் உண்டு. பிறப்பிலேயே உள்ள நிறம் வீட்டு நிறம். பருவம், வெயில் போன்றவற்றால் வந்து போவது விருந்தாளி. அளவுகோல் அடுத்தவர் நிறம் இல்லை; உங்களுடைய பழைய நிறம்தான்.

கறுத்த தோலில் வெளிறல் வெள்ளையாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போல், எண்ணெய் காணாத கல்தூண் போல் தெரியும். மாநிறத்தில் மஞ்சள் கலந்த மண் நிறமாகத் தெரியும். ஆகவே கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். ஈறு, உதட்டின் உள்பக்கம், உள்ளங்கை ரேகை, நகக்கண் ஆகிய இடங்களில் தோல் நிறம் அதிகம் குறுக்கே வராது. உள்ளங்கையை விரித்து விரல்களைப் பின்னுக்கு வளைத்தால் ரேகைகள் சிவப்பாகத் தெரிய வேண்டும். ரேகையும் சுற்றுப்புறமும் ஒரே வெளுப்பாக இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நேரம். நாக்கு எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே நிறம்தான் என்பதால், கறுத்த தோலுள்ளவர்களிடம் வைத்தியர் நாக்கையே பெரிதும் நம்புவார்.

வீட்டில் சரியாகப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

காலையில், சாப்பிடும் முன், ஜன்னலோரம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில். ட்யூப்லைட் நீலம் கூட்டும், மஞ்சள் பல்பு முகத்துக்கு இல்லாத சிவப்பைத் தரும். பச்சை, மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். நடந்து வந்தவுடன், குளித்தவுடன், அழுதவுடன் பார்க்கக் கூடாது. கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களின் முகம், கழுவிய பிறகும் ஓரிரு நாள் மஞ்சள் சாயலோடு இருக்கும். அதை ‘வாடிய மஞ்சள்’ என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. வைத்தியரிடம் போவதற்கு மூன்று நாள் முன்பே மஞ்சளையும் பவுடரையும் நிறுத்திவிடுங்கள். வெற்றிலை போட்ட நாக்கும், இரும்புச் சத்து டானிக் குடித்த நாக்கும், காபி குடித்த நாக்கும் பொய் சொல்லும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்; அன்று காலை நாக்கு வழிக்க வேண்டாம். வழித்தால் மேல்படிவம் போய்விடும், பாதித் தகவல் அதில்தான் இருக்கிறது. நாக்கை 15 நொடிக்கு மேல் நீட்டி வைத்தால் ரத்தம் தேங்கி ஊதா தட்டும். உள்ளே இழுத்து, சற்று விட்டு மறுபடி நீட்டுங்கள்.

வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. அழகுபடுத்தும் வசதியை போனில் அணைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

நாக்கும் நாடியும் என்ன சொல்லும்?

முகம் சந்தேகத்தை எழுப்பும். நாக்கும் நாடியும் அதைத் தீர்க்கும். நாக்கு வெளுத்து, ஒல்லியாக, வறண்டிருந்தால் ரத்தக் குறைவு. வெளுத்து, பருத்து, ஓரத்தில் பல் தடம் பதிந்து ஈரமாக இருந்தால் செரிமான ஆற்றலோ ‘யாங்’கோ குறைவு. ஊதா தட்டி, அடிநாக்கு நரம்பு தடித்திருந்தால் தேக்கம்.

நாடியை ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்துப் பார்க்கிறார்கள். சித்த வைத்தியத்திலும் மூன்று விரல்தான். ஆனால் அங்கே வாத, பித்த, கபம் பார்க்கிறோம். இவர்கள் இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகமும், வலக்கையில் நுரையீரல், ‘பி’, சிறுநீரகத்தின் ‘யாங்’கும் பார்க்கிறார்கள். ரத்தம் குறைந்த நாடி நூல் போல் மெலிந்து, ஆனால் அறுபடாமல் ஓடும். ‘யாங்’ குறைந்தால் ஆழத்தில், மெதுவாக. ரத்தத் தேக்கத்தில், கத்தியால் மூங்கிலைச் சுரண்டுவது போல் தட்டித் தட்டி ஓடும் என்பார்கள்.

நெற்றி இதயம், மூக்கு செரிமானம் என்று முகத்தில் வரைபடம் போடுகிறார்களே?

மூலநூலில் அப்படி ஒரு பிரிவு உண்டு: நெற்றி இதயம், மூக்கு ‘பி’, இடக் கன்னம் கல்லீரல், வலக் கன்னம் நுரையீரல், தாடை சிறுநீரகம். ஆனால் அதே மூலநூலின் மற்றொரு பாகத்தில் வேறு வரைபடம் இருக்கிறது. அதில் புருவ நடு நுரையீரலுக்கும், மூக்கின் வேர் இதயத்துக்கும் உரியது. இரண்டும் ஒத்துப்போகாது. அனுபவமுள்ள வைத்தியர்கள் இதைத் துணைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தாடையில் பரு வந்தால் சிறுநீரகம் கெட்டது என்று பயமுறுத்தும் படங்களை நம்ப வேண்டாம்.

ரத்தக் குறைவுக்கு என்ன மருந்து தருகிறார்கள்?

அடிப்படை ‘ஸி வூ தாங்’, அதாவது நான்கு பொருள் கசாயம். இன்று பெண்களின் மருந்து என்று பெயர் வாங்கியிருந்தாலும், தாங் அரசர் காலத்தில் அடிபட்டு ரத்தம் கட்டியவர்களுக்கான எலும்பு வைத்திய நூலில்தான் முதலில் வருகிறது. சோங் காலத்து அரசு மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்ற பிறகே மாதவிலக்குக் கோளாறுகளுக்குப் பரவியது.

இன்றைய பாடநூல் அளவு: ‘ஷூ தி ஹுவாங்’ (சுருக்கமாக ‘ஷூ தி’) 12 கிராம், ஏஞ்சலிகா இனத்து வேரான ‘தாங் குய்’ 9 கிராம், வெள்ளைப் பியோனி வேரான ‘பாய் ஷாவ்’ 9 கிராம், ‘சுவான் சியோங்’ என்ற வாசனைக் கிழங்கு 6 கிராம். இது ஒரு நாளுக்கு. ‘ஷூ தி’ மதுவில் நனைத்துத் திரும்பத் திரும்ப ஆவியில் வேகவைத்து உலர்த்திய வேர். தார் போலக் கறுத்து, கையில் ஒட்டி, வெல்லப்பாகு வாசனை அடிக்கும். அதுவும் பியோனி வேரும் ரத்தத்தை ஊட்டும், நிலைக்க வைக்கும். ‘தாங் குய்’ ஊட்டவும் செய்யும், ஓட்டவும் செய்யும். ‘சுவான் சியோங்’ ஓட்டம் மட்டும். வெறுமனே ஊட்டினால் தேங்கும், வெறுமனே ஓட்டினால் வற்றும் என்பதால் நான்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த அளவுகளை வாய்பாடு போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டம் அதிகம் வேண்டியவருக்கு ‘சுவான் சியோங்’ கூடும், உதிரப்போக்கு அதிகமுள்ளவருக்குக் குறையும் அல்லது நீங்கும்.

செரிமானமும் கெட்டிருந்தால் ஜின்செங், ‘பாய் ஜூ’ என்ற கிழங்கு, பைன் மர வேரில் வளரும் ‘ஃபு லிங்’ பூஞ்சை, வறுத்த அதிமதுரம் என்ற நான்கையும் சேர்த்து எட்டாக்குகிறார்கள். பெயர் ‘பா ஜென் தாங்’. குளிரும் இருந்தால் ‘ஹுவாங் சி’ வேரும் சீனப் பட்டையும் சேர்த்துப் பத்து. தூக்கமின்மை, மறதி, படபடப்பு, ஓயாத யோசனை எனில் ‘குய் பி தாங்’. 13ஆம் நூற்றாண்டில் யான் யோங்ஹே தொகுத்தது. வாடிய மஞ்சள் முகத்துக்கு எனக்குப் பிடித்த யோகம் (மருந்துச் சேர்க்கை) இதுதான் என்று பல வைத்தியர்கள் சொல்லக் கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் லீ தோங்யுவான் தந்த ‘தாங் குய் பூ ஷுவே தாங்’ என்ற ரத்தம் ஊட்டும் கசாயத்தில் இரண்டே பொருள்: ‘ஹுவாங் சி’ 30 கிராம், ‘தாங் குய்’ 6 கிராம். பெயரில் இருப்பது ‘தாங் குய்’, அளவில் ஐந்து மடங்கு இருப்பது ‘சி’யை வளர்க்கும் ‘ஹுவாங் சி’. ரத்தத்தை ஊட்டுவதற்கு முன் அதை உண்டாக்கும் ஆற்றலைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற கொள்கை அந்த 5:1 விகிதத்திலேயே இருக்கிறது.

கடையில் வாங்கிய ‘ரத்த விருத்தி’ கசாயம் குடித்ததும் வயிறு உப்பி, பேதியானது. ஏன்?

பெரும்பாலும் காரணம் ‘ஷூ தி’. அது பிசுபிசுப்பானது, மந்தமான வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாடிய மஞ்சள் முகம், பல் தடம் பதிந்த நாக்கு உள்ளவர் நேராக ‘ஸி வூ தாங்’ குடித்தால் மூன்று நான்கு நாளில் பசி போகும், மலம் இளகும், நாக்கில் மாவு பூசியது போல் படிவம் ஏறும். முகம் முன்பைவிட மங்கும். ரத்தம் ஊட்ட எடுத்த மருந்தே ரத்தம் உண்டாகும் இடத்தை அடைத்துவிடுகிறது.

சரிசெய்யும் வழி: நிறுத்துங்கள். இரண்டு வாரம் செரிமானத்தைத் தேற்றிய பிறகு ஊட்டுங்கள். அல்லது யோகத்திலேயே காய்ந்த ஆரஞ்சுத் தோலோ, ஏலக்காய் இனத்து ‘ஷா ரென்’னோ 3 முதல் 6 கிராம் சேர்ப்பார்கள், ‘குய் பி தாங்’கில் ‘மு ஷியாங்’ என்ற வாசனை வேர் இருப்பதும் இந்தக் காரணத்துக்காகவே. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மெலிந்து, உள்ளங்கை எரிந்து, இரவில் வியர்க்கும் ஒருவர் ஜின்செங்கும் பட்டையும் சேர்ந்த சூடான யோகம் எடுத்தால் வாய்ப்புண், மூக்கில் ரத்தம், தூக்கமின்மை வரும்.

சளி, காய்ச்சல் வந்தால் ஊட்ட மருந்தை அன்றே நிறுத்த வேண்டும். திருடன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது என்று சீனர்கள் இதைச் சொல்வார்கள்.

கசாயம் எப்படிக் காய்ச்சுவது?

மண்சட்டி, கண்ணாடி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம்; பியோனி வேரின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கசாயம் மை போலாகும். மூலிகையை ஒரு தடவை அலசி, பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். மூலிகைக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, மூடி வைத்து 40 முதல் 50 நிமிடம். வடித்துவிட்டு, கொதிநீர் ஊற்றி இன்னொரு முறை 25 நிமிடம். இரண்டையும் கலந்தால் சுமார் 400 மி.லி. வரும், காலை மாலை இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். உணவுக்கு முன் குடிப்பது முறை; வயிறு புரட்டினால் உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அடிப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

‘எ ஜியாவ்’ அவசியமா?

இல்லை. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் கெட்டியான கோந்து அது. ஷான்தோங் மாகாணத்தின் தோங்அ ஊர்ப் பெயரைக் கொண்டது. 3 முதல் 9 கிராம், மற்ற மூலிகையோடு கொதிக்க விடாமல், வடித்த சூடான கசாயத்தில் தனியே கரைப்பார்கள். பொருளளவில் அது கொலாஜன். மந்த வயிற்றுக்கு ‘ஷூ தி’யைவிடக் கனம். தோலுக்காகக் கழுதைகள் பெருமளவில் கொல்லப்பட்டதால், ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் தோலுக்காகக் கழுதை அறுப்பதற்குத் தடை விதித்தது. ஏழைக் குடும்பங்களுக்குத் தண்ணீர் சுமக்கும் விலங்கு அது. இல்லாமலே நடக்கும் சிகிச்சைக்கு அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

சிவப்புப் பேரீச்சை, ஐந்து சிவப்பு சூப் குடித்தால் ரத்தம் ஊறுமா?

கடைகளில் ‘சிவப்புப் பேரீச்சை’ என்று விற்பது பேரீச்சையே இல்லை. நம் இலந்தைக்கு உடன்பிறப்பான சீன இலந்தை அது. அதோடு சிவப்புக் காராமணி வகைப் பயறு, சிவந்த தோலுடன் வேர்க்கடலை, கோஜி பெர்ரி, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுவதுதான் ஐந்து சிவப்பு. சீன மருத்துவக் கணக்கில் இது செரிமானத்தைத் தேற்றும் இனிப்பு உணவு, அதனால் பொருத்தம். இரும்புச் சத்துக் கணக்கில் பார்த்தால் மிகக் குறைவு; இருப்பதும் தாவர இரும்பு, உடலில் எளிதில் சேராது. உண்மையான ரத்தசோகை இருந்தால் இந்தச் சூப் மட்டும் போதாது. இறைச்சி, ஈரல், மீன், இல்லாவிட்டால் பயறு கீரையோடு எலுமிச்சை, நெல்லி. சாப்பாட்டை ஒட்டி டீ, காபி வேண்டாம். நீரிழிவுள்ளவர்கள் இந்தச் சூப்பைத் தவிர்ப்பது நல்லது.

அழுத்தக்கூடிய அக்குபங்சர் புள்ளிகள் எவை?

‘ஸூ சான் லி’: முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து, உங்கள் நான்கு விரல் அகலம் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே. ‘சான் யின் ஜியாவ்’: உள் கணுக்கால் மொட்டிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்பை ஒட்டிப் பின்புறம். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம், கனமான ஒரு வலி தெரியும் வரை. இரண்டாவதைக் கர்ப்பிணிகள் அழுத்தக் கூடாது.

சீன மருத்துவத்தின் ‘ரத்தக் குறைவு’ம் ரத்தசோகையும் ஒன்றா?

ஒன்றல்ல. ஹீமோகுளோபின் 13 இருக்கும் பெண்ணுக்கும் சீன வைத்தியர் ரத்தக் குறைவு என்று சொல்லக் கூடும். தூக்கம், பார்வை, தோல், மாதவிலக்கு எல்லாம் சேர்ந்த படம் அது. மறுபக்கம், பரிசோதனையில் 8 இருக்கும் ஒருவரை ‘பி’ பலவீனம் என்று வகைப்படுத்தலாம்.

ஆகவே வெளிறல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கசாயத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடவே ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது) பாருங்கள். தைராய்டு குறைந்தவரின் ஊதிய வெளுப்பு, மேலே சொன்ன இரண்டாம் வகையை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபுள்ளவர்கள் வெளுத்திருந்தாலும் இரும்பு குறைந்திருக்க வேண்டியதில்லை. ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது கெடுதல். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் ரத்தக்கசிவு உண்டா என்று தேடியாக வேண்டும். தார் போன்ற மலம், படி ஏறினால் மூச்சுத்திணறல், காரணமின்றி எடை குறைதல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்த இடத்தில் தாமதித்துத்தான் பலர் உயிரைத் தொலைக்கிறார்கள்.

எத்தனை நாளில் முகம் தெளியும்?

செரிமானமும் தூக்கமும் முதலில் மாறும், இரண்டு மூன்று வாரத்தில். அடுத்து உதட்டின் உள்பக்கமும் நாக்கும். முகத்தில் களை திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம். சிவப்பணுவின் ஆயுளே ஏறக்குறைய 120 நாள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது. வகை பிரித்ததே தவறா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

யார் எடுக்கக் கூடாது?

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ‘தாங் குய்’ ஆபத்து. கோஜியும் ஜின்செங்கும் அந்த மருந்தோடு மோதும். அதிமதுரம் நீண்ட நாள் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கர்ப்பிணிகள் சொந்தமாக எதையும் தொட வேண்டாம். அறுவை சிகிச்சை என்றால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடி கறுக்கவும் முகம் பொலியவும் விற்கும் ‘ஹெ ஷௌ வூ’ என்ற வேர் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

முகத்தை வெள்ளையாக்கும் சீனக் கசாயம் உண்டாமே?

‘பாய்’ (சீன மொழியில் வெள்ளை) என்று தொடங்கும் மூலிகைகளைச் சேர்த்த ‘மூன்று வெள்ளை’ கசாயத்தை அப்படி விற்கிறார்கள். வெளிறிய முகத்தோடு வருபவருக்கு இன்னும் வெளுப்பு எதற்கு? இந்த மரபு தேடுவது உள்ளிருந்து மெல்லத் தெரியும் சிவப்பை. பெயர் தெரியாத வெண்மை கிரீம்களில் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுத்து, நிஜமாகவே முகத்தை ஊதி வெளுக்க வைக்கும்.

வைத்தியரை எப்படித் தேர்வு செய்வது? எதைக் கொண்டு போவது?

சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள தமிழர்கள் பதிவைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம். முகத்தைப் பார்த்த நிமிடமே மருந்து எழுதுபவரை விட்டு வந்துவிடுங்கள். நாக்கு, நாடி, தூக்கம், மலம், மாதவிலக்கு, குளிர், சூடு எல்லாம் கேட்பவரே முறையாகப் பார்ப்பவர். சமீபத்திய ரத்தப் பரிசோதனைத் தாள், எடுக்கும் ஆங்கில மருந்துகளின் பட்டியல், கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகளும் நாளொன்றுக்கு மாற்றிய நாப்கின் எண்ணிக்கையும், ஓராண்டுக்கு முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த உங்கள் போட்டோ ஒன்று. எழுதித் தரும் மருந்தில் ஒவ்வொரு மூலிகையின் பெயரும் கிராம் அளவும் தனித்தனியாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.